கணினிக் கேள்வி பதில்: ஒரு டிஸ்க், ஆறு பேர், எந்தக் கதவு யாருக்கு?

வீட்டுக் கோப்புச் சேவையகம் (சேர்வர், அதாவது வீட்டார் எல்லோரும் வலையமைப்பு வழியாகக் கோப்புகளை எடுக்கும் பொதுக் கணினி) பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம்.

கேள்வி: நான் உயர்தரக் கணிதம் படிப்பிக்கிறேன். முற்றத்துக் கொட்டிலில் வகுப்பு நடக்கிறது. வினாத்தாள்களை நானும் உதவியாசிரியரும் மட்டும் திறக்க வேண்டும். காணி உறுதிகள், வங்கிக் கடிதங்கள் எனக்கும் மனைவிக்கும். குடும்பப் படங்களை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் சேர்ப்பதும் அழிப்பதும் மூத்த மகள் மட்டும். இளைய மகள் சின்னவள். மகன் இந்த வருடம் என்னிடம்தான் படிக்கிறான், ஆகவே வினாத்தாள் விஷயம் முக்கியம். பழைய ஐ3 டெஸ்க்டொப், 4 ஜிபி ராம், 2 டிபி வெளி டிஸ்க் இருக்கிறது. விண்டோஸிலேயே ஷெயார் செய்தால் போதாதா?
— கோண்டாவில் வாசகர்

பதில்: இரண்டு மாதத்துக்குப் போதும். அதற்குப் பிறகு இடறும். விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பழைய ஐ3 இயந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மகன் அதே கணினியில் விளையாட உட்கார்ந்தால் கதவின் சாவி அவன் கையிலேயே இருக்கும். அந்த டெஸ்க்டொப்பைக் கோப்புகளுக்கு மட்டும் ஒதுக்கி, ஓபன்மீடியாவால்ட் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். அது டெபியன் லினக்ஸின் மேல் ஓடுகிறது, 4 ஜிபி ராம் தாராளம். திரையும் விசைப்பலகையும் நிறுவும் நாளுக்கு மட்டும் தேவை. பிறகு எல்லாமே உலாவியில்தான்.

இதன் உள்ளே வேலை செய்வது சாம்பா என்ற நிரல். சம்பா அரிசியோடு சம்பந்தமில்லை. அவுஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜல் 1992இல் இதை எழுதத் தொடங்கினார். விண்டோஸ் கோப்புப் பகிர்வு மொழியின் பெயரான எஸ்எம்பி என்ற மூன்று எழுத்தும் அடங்கிய சொல்லை அகராதிக் கோப்பில் தேடி எடுத்து வைத்த பெயர் அது.

தொடங்குமுன் ஒன்று. உங்கள் வெளி டிஸ்க் பெரும்பாலும் என்டிஎப்எஸ் அல்லது எக்ஸ்பேட் வடிவத்தில் இருக்கும். அதை அப்படியே செருகிப் பாவிக்க ஆசை வரும், ஆனால் வேண்டாம். எக்ஸ்பேட்டுக்குக் கோப்பின் சொந்தக்காரர் யார் என்பதை எழுதி வைக்கவே இடமில்லை. என்டிஎப்எஸ்ஸை லினக்ஸ் வழமையாக ஏற்றும்போது எல்லாக் கோப்பும் ஒரே ஆளுடையதாகத் தெரியும். அனுமதியை மாற்றினால் பிழை எதுவும் காட்டாது, மாற்றமும் நடக்காது. 'எல்லாம் சரியாகத்தான் செய்தேன், ஆனால் வேலை செய்யவில்லை' என்பவர்களிடம் நாம் முதலில் கேட்பது டிஸ்க்கின் வடிவத்தைத்தான். உள்ளிருப்பதை வேறொரு டிஸ்க்குக்குப் பிரதியெடுத்து, நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு, 2 டிபி டிஸ்க்கை முழுதாக அழித்து லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4 ஆக்குங்கள்.

இயங்குதளத்துக்குத் தனியாக ஒரு சிறிய எஸ்எஸ்டி வேண்டும், 32 ஜிபி இருந்தாலும் காணும். பென்டிரைவில் நிறுவலாம்தான், ஆனால் பதிவேடுகள் ஓயாமல் எழுதப்படுவதால் சீக்கிரம் தேய்ந்துபோகும். நிறுவும்போது 2 டிபி டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். நிறுவி 'எந்த டிஸ்க்கை அழிக்க?' என்று கேட்கும்போது தவறாகத் தொட ஒன்றும் இருக்காது. பயோஸில் (கணினி எழும்பும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) மின்சாரம் திரும்பியதும் தானாக எழும்பும் தெரிவைப் போட்டுவிடுங்கள். ரூட்டரில் இந்தக் கணினிக்கு ஒரு நிலையான முகவரியை, உதாரணமாக 192.168.1.50 என்பதை, ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் முகவரி மாறி, 'சேர்வர் செத்துப்போச்சு' என்று வீடு அல்லோலகல்லோலப்படும்.

உலாவியில் அந்த முகவரிக்குப் போனால் உள்நுழையும் பெயர் அட்மின், கடவுச்சொல் மென்பொருளின் பெயரேதான், சிற்றெழுத்தில். அதை அந்த நிமிடமே மாற்றுங்கள். மகனும் இதே பக்கத்தைத் திறக்க முடியும் என்பதை மறக்கவேண்டாம்.

இனி அனுமதி. இங்கே இரண்டு கதவுகள் உண்டு. வெளிக்கதவு ஷெயாரின் அனுமதி: வலையமைப்பு வழியாக யார் உள்ளே வரலாம், எழுதலாமா, வாசிக்க மட்டுமா என்று அது பார்க்கும். உள்கதவு டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் எழுதப்பட்டிருக்கும் அனுமதி. இரண்டையும் தாண்டினால்தான் கோப்புக் கிடைக்கும். ஆகவே எது இறுக்கமோ அதுவே செல்லும். ஒரு கதவில் பூட்டைப் போட்டுவிட்டு மற்றதில் சாவியைத் திருகிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான குழப்பம். வீட்டுக்கு எமது யோசனை: வெளிக்கதவில் மட்டும் பூட்டுங்கள். ஓபன்மீடியாவால்ட்டில் 'பெர்மிஷன்ஸ்' என்றொரு பக்கமும் 'ஏசிஎல்' என்றொரு பக்கமும் இருக்கும். முதலாவது வெளிக்கதவு, அதில் வேலை செய்யுங்கள். இரண்டாவது உள்கதவு, அதை எட்டியும் பார்க்காதீர்கள்.

முதலில் குழுக்கள். பெற்றோர், ஆசிரியர், வீடு என மூன்று. பெயர்களை இடைவெளியில்லாத ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள். அடுத்து ஆறு பேருக்கும் ஆறு பயனர். நீங்கள் மூன்று குழுவிலும் இருப்பீர்கள். மனைவி பெற்றோரிலும் வீட்டிலும். பிள்ளைகள் மூவரும் வீட்டில் மட்டும். உதவியாசிரியர் ஆசிரியர் குழுவில் மட்டும்: அவருக்கு உங்கள் வீட்டுப் படம் எதற்கு?

பிறகு கோப்புறைகள். 'உறுதி' கோப்புறைக்குப் பெற்றோர் குழு வாசிக்க, எழுத. 'வினாத்தாள்' கோப்புறைக்கு ஆசிரியர் குழு வாசிக்க, எழுத. 'படங்கள்' கோப்புறைக்கு வீடு குழு வாசிக்க மட்டும், மூத்த மகளின் பெயருக்கு வாசிக்க, எழுத. 'பொது' என்று ஒன்று, வீடு குழுவுக்கு முழு உரிமையோடு. உரிமை இல்லாதவரின் கட்டத்தை வெறுமையாக விடாமல் 'நோ அக்சஸ்' என்று வெளிப்படையாகக் குறியுங்கள். இந்த மறுப்பை ஆளின் பெயருக்கு எதிரே குறியுங்கள், குழுவுக்கு எதிரே வேண்டாம். 'வினாத்தாள்' கோப்புறையில் வீடு குழுவை மறுத்தால், அந்தக் குழுவில் இருக்கும் நீங்களும் வெளியே நிற்பீர்கள்.

இங்கே ஒரு பொறி. ஒருவருக்குக் குழு வழியாக எழுதும் உரிமையும் தனிப்பெயரில் வாசிக்கும் உரிமையும் இருந்தால் சாம்பாவில் எழுதும் உரிமையே வெல்லும். 'பொது' கோப்புறையில் மகனை மட்டும் வாசிக்க விடலாம் என்று அவன் பெயருக்கு 'ரீட் ஒன்லி' குறித்தால் அது பலிக்காது, அவன் வீடு குழுவால் எழுதிக்கொண்டே இருப்பான். படங்கள் கோப்புறையில் நாம் மேலே செய்தது இதன் மறுபக்கம், அங்கே இந்த விதி மூத்த மகளுக்கு உதவுகிறது.

கடைசியில் எஸ்எம்பி பக்கத்தில் சேவையை இயக்கி, ஒவ்வொரு கோப்புறையையும் ஷெயாராகச் சேருங்கள். 'பப்ளிக்' என்பதை 'நோ' என்றே விடுங்கள். ரீசைக்கிள் பின்னை (அழித்தவை தங்கும் குப்பைக்கூடையை) இயக்கி 30 நாள் கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மேலே மஞ்சள் பட்டி ஒன்று வரும். அதிலுள்ள சரி அடையாளத்தை அழுத்தும்வரை எதுவும் நடைமுறைக்கு வராது. அரைவாசிப் பேர் மறப்பது இதைத்தான்.

முடிந்ததும் மகனின் பெயரில் நீங்களே லப்டொப்பில் உள்நுழைந்து, வினாத்தாளைத் திறக்கப் பாருங்கள், ஒரு படத்தை அழிக்கப் பாருங்கள். நிர்வாகியாக இருந்துகொண்டு 'சரி' என்று முடிவு கட்டுவதில் பயனில்லை, நிர்வாகிக்கு எல்லாக் கதவும் திறந்துதான் இருக்கும். பூட்டு சரியென்றாலும் வினாத்தாளின் அச்சுப் பிரதியை மேசையில் விட்டுவிட்டால் அதற்கு நாம் பொறுப்பில்லை.

செலவு கேட்பீர்கள். 40 வாற் எடுக்கும் டெஸ்க்டொப் இரவு பகல் ஓடினால் மாதம் ஏறக்குறைய 29 அலகு. மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால் இந்த 29 அலகு உங்களை கட்டணத்தின் அடுத்த படிக்குத் தள்ளுமா என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். தள்ளுமென்றால் 10 வாற்றுக்குள் ஓடும் சிறிய மினி பிசி ஒன்றே காலப்போக்கில் மலிவு.

கேள்வி: வகுப்புக் கொட்டில் வீட்டிலிருந்து 40 மீற்றர். லான் வயரை மாமரத்தோடு கட்டி வான்வழியாக இழுக்கலாமா?
— அதே வாசகரின் பின்குறிப்பு

பதில்: தூரம் பிரச்சினையில்லை, செப்பு வயர் 100 மீற்றர்வரை தாங்கும். இடிதான் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடிக்கிற இடிக்கு வெளியே தொங்கும் செப்பு வயர் ஓர் அன்ரெனா. மரத்தில் நேரே விழத் தேவையில்லை, பக்கத்தில் விழுந்தாலே வயரில் ஏறும் மின்னழுத்தம் ரூட்டரையும் சேர்வரையும் சேர்த்தே கொண்டுபோகும். பைபர் (கண்ணாடி இழை) வயர் இழுத்து, ஒளியை லான் இணைப்பாக மாற்றும் மீடியா கொன்வேர்ட்டரை இரு முனையிலும் பூட்டுங்கள். கண்ணாடிக்கு மின்சாரம் தெரியாது. உலோகக் கம்பி இல்லாத வயராகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஸ்ரூடியோ வைத்திருக்கிறேன். உபுண்டுவில் சாம்பாவை நானே அமைத்தேன். மூன்று வேலையாட்களும் ஒரே குழு, கோப்புறையின் அனுமதி 2770. ஒவ்வொருவரின் படமும் 640, அதாவது மற்றவர் வாசிக்க மட்டுமே முடியும். அப்படியிருந்தும் ஒருவர் எடுத்த கலியாணப் படங்களை இன்னொருவர் அழித்துவிட்டார். வாசிக்க மட்டும் உரிமை உள்ள கோப்பை எப்படி அழிக்க முடிந்தது?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்கும் உரிமை அந்தக் கோப்பில் இல்லை, அதை வைத்திருக்கும் கோப்புறையில் இருக்கிறது. அழிப்பது என்றால் கோப்புறையின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை வெட்டுவது. பட்டியலில் எழுத உரிமை இருப்பவர் யாருடைய பெயரையும் வெட்டலாம், மாற்றியும் எழுதலாம். கோவில் உபயகாரர் பட்டியலைப் போல: பேனை உள்ளவன் எந்தப் பெயரையும் கீறிவிடலாம், அதற்கு உபயகாரரின் சம்மதம் வேண்டியதில்லை.

உங்கள் 2770ஐப் பிரித்துப் பாருங்கள். வாசிக்க 4, எழுத 2, உள்ளே நுழைய 1. கூட்டினால் 7. முதல் 7 சொந்தக்காரருக்கு, இரண்டாவது குழுவுக்கு, கடைசி 0 மற்றவர்களுக்கு. முன்னால் நிற்கும் 2 'உள்ளே உருவாகும் எல்லாம் இந்தக் கோப்புறையின் குழுவையே எடுக்கட்டும்' என்கிறது. அது இல்லாவிட்டால் புதிய கோப்பு எழுதியவரின் சொந்தக் குழுவுக்குப் போய், மற்ற இருவராலும் திறக்க முடியாமல் போகும். அதை நீங்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். குறைவது 1. அதன் பெயர் ஸ்ரிக்கி பிற். 2உடன் 1ஐக் கூட்டி 3770 ஆக்கினால், ஒரு கோப்பை அதன் சொந்தக்காரரோ கோப்புறையின் சொந்தக்காரரோ மட்டுமே அழிக்கலாம். ஆகவே கோப்புறையின் சொந்தக்காரராக உங்கள் பெயரை வையுங்கள்.

மூன்று இடத்தில் இது பிசகும். ஒன்று, சாம்பா அமைப்பில் 'போர்ஸ் யூசர்' வரி இருந்தால் எல்லோர் கோப்பும் ஒரே பெயரில் விழும், பிறகு ஸ்ரிக்கி பிற்றுக்கு ஆளைப் பிரித்தறிய வழியில்லை. அந்த வரியைத் தூக்குங்கள். இரண்டு, உள்ளே உருவாகும் துணைக் கோப்புறைக்கு முன்னெண் 2 தானாக இறங்கும், 1 இறங்காது. 'போர்ஸ் டிரெக்டரி மோட்' என்பதற்கு 3770 கொடுங்கள். மூன்று, ஸ்ரிக்கி பிற் அழிப்பதையும் பெயர் மாற்றுவதையும் மட்டும்தான் தடுக்கும். கோப்பு 660 ஆக, அதாவது குழுவும் எழுதக்கூடியதாக இருந்தால் இன்னொருவர் அதைத் திறந்து வெறுமையாக்கிச் சேமிக்கலாம், பலன் ஒன்றுதான். புதிய கோப்பின் அனுமதிக்கு எல்லை வைக்கும் 'கிரியேட் மாஸ்க்' 0640 என்று உறுதிசெய்யுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தன் படத்தைத் தானே தவறி அழிப்பவரை அனுமதியால் தடுக்க முடியாது. அதற்கு 'விஎப்எஸ் ஒப்ஜெக்ற்ஸ்' வரியில் 'ரீசைக்கிள்' சேருங்கள். வலையமைப்பு வழியாக அழித்தவை ஒரு மறைவான கோப்புறைக்குப் போகும். சேர்வரில் நேரே உட்கார்ந்து அழித்தால் போகாது. பெரிய வீடியோக் கோப்புகளால் அந்தக் கோப்புறையே டிஸ்க்கை நிரப்பும், மாதமொருமுறை கூட்டித் தள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு லப்டொப் ஒன்றுதான். அம்மாவின் பெயரில் ஷெயாரைத் திறந்த பிறகு என் பெயரில் திறக்கப் போனால் 1219 என்ற பிழை. கடவுச்சொல் சரிதான்.
— நெல்லியடி வாசகி

பதில்: கடவுச்சொல்லில் பிழையில்லை. ஒரு விண்டோஸ் அமர்வு ஒரே சேர்வருக்கு ஒரே பெயரில்தான் போகும். அம்மாவின் இணைப்பு மூடிய பிறகும் பின்னால் உயிரோடு இருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் நெற், யூஸ், நட்சத்திரக் குறி, சாய்கோட்டுடன் டிலீட் என்று இடைவெளி விட்டு அடித்தால் எல்லா இணைப்பும் அறுபடும். கிரெடென்ஷல் மனேஜரில் சேமித்த கடவுச்சொல் இருந்தால் அதையும் அழியுங்கள், இல்லாவிட்டால் அம்மாவாகவே மறுபடி உள்ளே போவீர்கள். தினமும் இதைச் செய்வது ஆகாத காரியம். லப்டொப்பில் அம்மாவுக்கும் உங்களுக்கும் தனித்தனி விண்டோஸ் கணக்குப் போடுவதே சரியான வழி.

இதோடு ஒட்டிய இன்னொன்று: ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்தால் அவர் வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகுதான் அது செல்லும். உள்நுழையும் தருணத்தில்தான் சேர்வர் குழுப் பட்டியலைப் பார்க்கிறது. இன்னொரு விண்டோஸ் கணினியின் ஷெயாரைத் திறக்கும்போது பின் (PIN) இலக்கத்தை அடித்துப் பார்த்துக் களைத்தவர்களுக்கும் ஒரு சொல்: பின் இலக்கம் அந்தக் கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மட்டும், வலையமைப்பில் கடவுச்சொல்தான்.

கேள்வி: கோவில் மலர்கள், பழைய சஞ்சிகைகளை ஸ்கேன் செய்து தமிழிலேயே நீளமாகப் பெயரிட்டு வைத்திருக்கிறேன். விண்டோஸில் இருந்தவை சேர்வருக்குப் பிரதியாகும்போது சில மட்டும் 'பெயர் நீளம்' என்று நிற்கின்றன. அதைவிட நீளமான ஆங்கிலப் பெயர்கள் போகின்றன.
— பருத்தித்துறை வாசகர்

பதில்: விண்டோஸின் என்டிஎப்எஸ் பெயரைக் குறியீடுகளாக எண்ணுகிறது, 255 வரை. லினக்ஸின் எக்ஸ்ட்4 பைற்றுகளாக எண்ணுகிறது, அதுவும் 255 வரை. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. ஆகவே 85 தமிழ்க் குறியீடுதான் கொள்ளும். அதிலும் நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது கணினிக்கு இரண்டாக இருக்கும்: 'டு' என்றால் ட ஒன்று, உகரக் குறி ஒன்று. 'வீட்டுத் திட்டம்' நமக்கு எட்டு எழுத்து, டிஸ்க்குக்கு இடைவெளியோடு 46 பைற். பெயரை 40 எழுத்துக்குள் அடக்கினால் எந்தச் சிக்கலும் வராது. ஆண்டு, மாதம் போன்றவற்றைக் கோப்புறைப் பெயருக்குத் தள்ளுங்கள், 255 என்பது ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி வரம்பு.

வீட்டில் மக் கணினியும் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 'கொ' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, சேர்வருக்கு அவை இரண்டு வேறு பெயர். ஒரே கோப்புறையில் அச்சொட்டாக ஒரே பெயருள்ள இரண்டு கோப்பைக் கண்டால் பேய் வேலை இல்லை, இதுதான்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஊர்ப் படங்களைப் பார்க்க வேண்டும். ரூட்டரில் 445ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்கிறார் ஒருவர்.
— வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: திறக்கவே வேண்டாம், அது கோப்புப் பகிர்வின் கதவு. 2017 மேயில் உலகை உலுக்கிய வனாக்ரை என்ற பணயம் கேட்கும் தீநிரல் பரவியது அந்தக் கதவால்தான். உங்களுடையது 4ஜி ரூட்டரென்றால் திறந்தாலும் பெரும்பாலும் பலனில்லை. பல வீடுகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டைத் தேடிப் பிடிக்காது.

டெயில்ஸ்கேல் என்ற நிரலை சேர்வரிலும் அண்ணாவின் கணினியிலும் போடுங்கள். இரு பக்கமும் உள்ளிருந்து வெளியே அழைத்துச் சந்திப்பதால் போர்ட் திறக்கத் தேவையில்லை. சேர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். அண்ணாவுக்குத் தனிப் பயனர் போட்டு 'படங்கள்' கோப்புறைக்கு வாசிக்கும் உரிமை மட்டும் கொடுங்கள். வேகத்தில் அதிகம் எதிர்பார்க்கவேண்டாம். அவர் இறக்குவது உங்கள் வீட்டின் ஏற்றும் வேகத்தில்தான். அது 10 எம்பிபிஎஸ் என்றால் ஒரு ஜிபிக்குப் பதின்மூன்று, பதினான்கு நிமிடம். இந்தப் பகிர்வு மொழி ஒவ்வொரு படத்துக்கும் பலமுறை கேட்டுக் கேட்டுப் பதில் பெறும் குணமுடையது. கனடாவுக்குப் போய் வரும் ஒவ்வொரு கேள்விக்கும் கால் செக்கன் அளவு பிடிக்கும்போது, 3000 படமுள்ள கோப்புறை திறக்கவே தேநீர் குடித்து முடிந்துவிடும். வருடவாரியாக ஸிப் (zip) கோப்பாகக் கட்டி வையுங்கள்.

கேள்வி: இரண்டு டிஸ்க் வாங்கி ரெயிட் 1 போட்டால் பக்கப் (காப்புப் பிரதி) தேவையில்லைத்தானே?
— மானிப்பாய் வாசகர்

பதில்: தேவை. ரெயிட் 1 இரண்டு டிஸ்க்கிலும் ஒன்றையே எழுதும் முறை. ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் பார்க்கும், அவ்வளவே. நீங்கள் தவறி அழித்தது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே கணத்தில் அழியும். வீட்டுக்கு இரண்டாவது டிஸ்க்கை ரெயிட்டில் பூட்டுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. அதை எக்ஸ்ட்4 ஆக்கி, கிழமைக்கொருமுறை செருகி ஆர்சிங்க் என்ற நிரலால் பிரதியெடுத்து, கழற்றி, வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருந்தால் என்ன ஆகும் என்று யாழ் நூலகம் எரிந்த 1981 ஜூனுக்குப் பிறகு இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆர்சிங்க்குக்கு 'ஆர்கைவ்' தெரிவைக் கொடுத்தால்தான் சொந்தக்காரர், குழு, அனுமதி மூன்றும் சேர்ந்து போகும்.

கேள்வி: யூபிஎஸ் பூட்டியிருக்கிறேன். மின்தடையில் சேர்வர் ஒழுங்காக நிற்கிறது, ஆனால் சில நாள் மின்சாரம் வந்த பிறகும் எழும்புவதில்லை. பயோஸில் தானாக எழும்பும் தெரிவு போட்டுத்தான் இருக்கிறது.
— காரைநகர் வாசகர்

பதில்: யூபிஎஸ்ஸின் பற்றரி தீரும்முன் சேர்வர் நின்றுவிடுகிறது. யூபிஎஸ் இன்னும் உயிரோடு இருக்கும்போதே மின்சாரம் திரும்பினால், சேர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் போகவே இல்லை. போனால்தானே வந்ததும் எழும்பும்? நெற்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் என்ற மென்பொருளின் அமைப்பில், சேர்வர் நின்றதும் யூபிஎஸ் தன் வெளியீட்டைத் துண்டித்து, மின்சாரம் வந்ததும் மறுபடி கொடுக்கும் கட்டளை உண்டு. அதை இயக்குங்கள். உங்கள் யூபிஎஸ் மாதிரி அதற்கு இணங்காவிட்டால், ரூட்டரின் வேக்-ஒன்-லான் வசதியால் எழுப்பலாம். அது சேர்வரின் பயோஸிலும் திறந்திருக்க வேண்டும். ரூட்டரும் அதே யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். பற்றரியை இரண்டு, மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள், இந்த வெக்கையில் அதற்கு மேல் தாங்காது.